ஆடு தொடாச் செடி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடைகளில் கம்பனையும் வள்ளுவனையும் பற்றிக் கேட்டுப் பழகிய உங்கள் செவிகட்கு, வேலியோரத்துச் செடி ஒன்றைப் பற்றிய பேச்சு சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். நம் செயலாளர் என்னை அழைத்தபோது, "ஐயா, தாங்கள் அறிந்ததைப் பேசுங்கள், அதுவே போதும்" என்றார். யான் அறிந்தது மண்ணும் செடியுமே. முப்பது ஆண்டுகட்கு மேல் நாற்றங்கால்களில் உழன்றவன் யான். ஆதலின், என் கைக்குப் பழகிய ஆடாதோடையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். பேச்சு முடிந்தபின் உங்கள் கையில் கொடுக்க ஒரு பொருளும் கொண்டு வந்திருக்கிறேன். அது யாதென்பது இறுதியில் தெரியும்.

நம் குடியிருப்பில் மார்கழி பிறந்தால் வீட்டுக்கு வீடு இருமல் ஒலிக்கின்றது. சேஷாசல மலையிலிருந்து இறங்கும் வைகறைப் பனி அப்படிப்பட்டது. அலமாரியைத் திறந்தால் பாதி குடித்த இருமல் மருந்துப் புட்டிகள் வரிசையாக நிற்கும். அப்புட்டிகளில் பலவற்றின் மூதாதை நம் ஊர் வேலியில் நிற்கும் செடி என்பதைப் பலர் அறியார். அதனைப் பிறகு விளக்குவேன்.

முதலில் செடியின் தோற்றம். ஆளுயரத்திற்கும் மேல் வளரும் பசும் புதர் அது. எப்போதும் தழை நிறைந்து நிற்கும். இலை, மாவிலைபோல நீண்டு, இரு முனையும் கூர்ந்திருக்கும். ஒரு சாண் நீளம் வரை வளரும். விளிம்பில் பல் இராது. கணுவுக்குக் கணு இரண்டிரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும். இலையைக் கசக்கினால் ஒரு வகைக் கடு நாற்றம் எழும், வாயிலிட்டால் கசக்கும். பூவோ மிக அழகியது. கதிர்போல நெருங்கிய கொத்தில் வெண்மையான பூக்கள் மலரும். ஒவ்வொரு பூவும் இரண்டு உதடுகள் திறந்தாற்போல இருக்கும்; கீழுதட்டில் ஊதா வரிகள் ஓடும். அவ்வரிகளே தேனிக்கு வழிகாட்டி என்பர் செடி நூலார். திருமலைக்குச் செல்லும் அடியார் தலையில் பூச்சூடுவதில்லை. எல்லாப் பூவும் பெருமாளுக்கே என்பது அங்கு வழக்கம். ஆடாதோடைப் பூவைச் சூடவோ தொடுக்கவோ எவரும் நாடியதில்லை. அது தேனீக்களுக்கென்றே பூத்துக் கிடக்கின்றது.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஆடு தொடாத இலையுடையது ஆதலின் ஆடாதோடை ஆயிற்று என்பது வழிவழி வந்த விளக்கம். வடமொழியில் வாசா என்றும் ஆடரூஷம் என்றும் இதற்குப் பெயர் உண்டு, இந்தியில் அடூசா, மலையாளத்தில் ஆடலோடகம், நம் தெலுங்கு அன்பர்கள் அட்டசரம் என்பர். இவற்றுள் எது எதிலிருந்து பிறந்தது என்று புலவர்கள் வாதிடட்டும். ஆடு தொடுவதில்லை என்பது மட்டும் உண்மை. அதனை யான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். கருவேல முள்ளையும் விடாமல் மேயும் சித்தூர்ப் பக்கத்து ஆடுகள், இதன் அருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் உலகத்துச் செடிகட்கெல்லாம் இரட்டைப் பெயர் இட்டு நூல் எழுதியபோது, இதற்கு ஜஸ்டிசியா ஆடாதோடா என்று பெயர் சூட்டினார். முற்பாதி ஸ்காட்லாந்து நாட்டுத் தோட்டக்கலை அறிஞர் ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்பவரை நினைவூட்டுவது. பிற்பாதி தென்னாட்டு மக்கள் வழங்கிய சொல். உலகின் எந்தத் தாவரத் தோட்டத்திற்குச் சென்றாலும், இச்செடியின் அடியில் நட்டிருக்கும் பெயர்ப் பலகையில் நம் ஊர் ஆடு எட்டிப் பார்க்கின்றது!

செடி நடுவதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து இவ்வூர்க்கு வருவது புதிதன்று. இராமானுசரின் ஆணையைத் தலைமேற்கொண்டு, திருவரங்கத்திலிருந்து திருமலைக்கு வந்து நந்தவனம் அமைத்தவர் அனந்தாழ்வான் என்று வைணவ மரபு கூறும். கருவுற்றிருந்த அவர்தம் மனைவியார் மண் சுமந்து உதவினார் என்பதும் அம்மரபு சொல்லும் செய்தி. அவர் மலர்க்கொடிகளை நட்டார். நாம் மருந்துச் செடியை நடுவோம்.

சித்தூர்ச் சீமையின் எல்லைக் கோடுகள் பலமுறை மாறியவை. 1911இல் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்துணை மாற்றங்களுக்கும் இடையே, நகரியிலும் புத்தூரிலும் சித்தூரிலும் வயல் வரப்புகளில் ஆடாதோடை அசையாமல் நிற்கின்றது. யான் சித்தூரில் குடியிருந்த காலத்தில், அடுத்த வீட்டில் தெலுங்கு மூதாட்டி ஒருவர் இருந்தார். தெருவே அவரை அவ்வா என்றழைக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அந்நாளில் தெலுங்கு சரியாக வாராது. ஒருநாள் என் மகள் இருமுவதைக் கேட்டவர், தம் வேலியில் நான்கு இலை பறித்து வந்து, "அட்டசரம், அட்டசரம்" என்று கையில் திணித்தார். என் மனைவி அதனைப் பார்த்து, "ஆடாதோடை!" என்றாள். அன்றிலிருந்து இரு வீட்டாரும் பேசுவதற்கு மொழி ஒரு தடையாக இருக்கவில்லை.

இனி வளர்க்கும் முறைக்கு வருகிறேன். இதுவே என் தொழில். ஆதலின் சற்று விரித்துரைப்பதைப் பொறுத்தருள வேண்டும்.

ஆடாதோடையை விதையால் வளர்க்க முயல வேண்டா. காய் பிடிப்பது குறைவு. பிடித்தாலும் ஒரு காயில் நான்கு விதைக்கு மேல் இராது. அவை முதிர்ந்து வெடித்துச் சிதறிவிடும். இதனைப் பெருக்க ஏற்ற வழி போத்து நடுதலே. போத்து எடுக்கும் கிளையைத் தேர்வதில்தான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. நுனியில் உள்ள பச்சைத் தளிர் கூடாது. அது நீர் வற்றி வாடிவிடும். அடியில் சாம்பல் நிறப் பட்டை படர்ந்த முதிர்கிளையும் கூடாது. அது வேர்விடச் சோம்பும். இரண்டுக்கும் நடுவே, சென்ற பருவத்தில் வளர்ந்து, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையே உகந்தது. பென்சில் பருமன் இருந்தால் போதும்.

அக்கிளையைச் சாண் நீளத் துண்டுகளாக நறுக்குக. ஒவ்வொரு துண்டிலும் மூன்று அல்லது நான்கு கணு இருத்தல் வேண்டும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், தலைப்பக்கத்தைக் கணுவுக்கு மேலே நேராகவும் வெட்டுக. வேர் பெரும்பாலும் கணுவை ஒட்டியே கிளம்பும் என்பது இதற்கு ஒரு காரணம். எது தலை, எது அடி என்று மயங்காமல் நடலாம் என்பது மற்றொரு காரணம். தலைகீழாக நட்டுவிட்டு, "இந்த மண் ராசியில்லை" என்பாரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கத்தி கூர்மையாக இருக்கட்டும். கிளை நசுங்கினால் வெட்டுவாய் அழுகும். கீழ் இலைகளை அகற்றிவிட்டு, மேற்கணுவில் மட்டும் இரண்டு இலை விடுக. அவையும் பெரியனவாயின் பாதியாகக் கத்தரிக்க.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து, சிறு பைகளிலோ பாத்தியிலோ இட்டு, போத்தின் இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நடுக. சுற்றியுள்ள மண்ணை விரலால் நன்கு அழுத்துக. உள்ளே காற்றிடம் இருந்தால் வேர் உலர்ந்துவிடும். நிழலான இடத்தில் வைத்து, ஈரம் காயாமலும் சேறு ஆகாமலும் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும்.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. நட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் கணுவிலிருந்து தளிர் எட்டிப் பார்க்கும். உடனே, 'பிடித்துவிட்டது' என்று மகிழ்ந்து, எடுத்து வெயிலில் நட்டுவிடுவார்கள். நான்காம் நாள் அது கருகும். போத்து தன் தண்டிலுள்ள சேமிப்பைக் கொண்டே முதலில் தளிர்க்கின்றது. வேர் பின்னரே வருகின்றது. மூன்று நான்கு வாரம் பொறுத்திருத்தல் வேண்டும். இழுத்து இழுத்துப் பார்க்கவும் கூடாது. முதல் தளிரைத் தொடர்ந்து இரண்டாம் இணை இலை விரிந்து, செடி நிமிர்ந்து நின்றால் வேர் ஓடிவிட்டதென்று கொள்க. இரண்டு மாதம் ஆனபின் நிலத்திற்கு மாற்றலாம்.

பருவம் என்ன என்று கேட்பீர்கள். நம் பகுதி தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெறுவது. ஆடி மாதத்து முதல் மழையில் போத்து நட்டால், புரட்டாசி இறுதியில் நிலத்திற்கு மாற்றும் தகுதி பெறும். அடுத்துவரும் ஐப்பசி, கார்த்திகை மழை அதனை வேரூன்றச் செய்துவிடும். சித்திரை, வைகாசியில் திருப்பதி வெயில் 40 பாகையைத் தாண்டும். அக்காலத்தில் புதிதாக நடுவது வீண். ஆனால் மழை நல்லதென்றெண்ணித் தாழ்ந்த இடத்தில் நடுதலும் தவறு. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இந்நகரை வெள்ளம் சூழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆடாதோடை வறட்சியைத் தாங்கும். ஏழை மண்ணிலும் வளரும். வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்குவதை மட்டும் தாங்காது. ஆதலின் மேட்டுப்பாங்கான இடமாகப் பார்த்து நடுக.

வேலியாக வளர்ப்போர் முழத்துக்கு ஒன்றாக நடலாம். தனிச் செடியாயின் நான்கடி இடம் விடுக. மாடிக் குடித்தனக்காரர்கள் ஏங்க வேண்டா. ஓரடி அகலத் தொட்டியிலும் இது வளரும், உயரம் மட்டும் குறையும். முதல் கோடையில் வாரம் இருமுறை நீர் ஊற்றி, அடியில் சருகு பரப்பினால் போதும். ஆண்டுக்கொருமுறை ஒரு கூடை மக்கிய உரம். பூச்சித் தொல்லை மிகக் குறைவு. எப்போதேனும் மாவுப்பூச்சி கண்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுக. இவ்விலையையே பூச்சி விரட்டியாகப் பயன்படுத்தியவர்கள் நம் முன்னோர். நெல் குதிரிலும் கம்புப் பானையிலும் உலர்ந்த இலையைப் போட்டு வைத்தனர். வயலுக்குத் தழையுரமாகவும் இட்டனர்.

பூத்து முடிந்தபின் கவ்வாத்து செய்க. முழங்கால் உயரத்திற்கு வெட்டத் தயங்காதீர்கள். எதிரெதிர் இலையுடைய செடி ஆதலின், வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கிளை கிளம்பும்; புதர் அடர்த்தியாகும். வெட்டிய கிளைகளே அடுத்த வீட்டுக்குப் போத்து. ஒரு செடி வைத்திருப்பவர் மூன்றாம் ஆண்டில் ஒரு தெருவுக்கே வழங்கலாம். இதற்குக் காசு கொடுத்து வாங்குவதைப் போலப் பேதைமை பிறிதில்லை.

இலை பறிக்க, நட்டு ஆறு மாதமேனும் ஆகட்டும். முற்றிய பசுமையான இலையே வேண்டும், மஞ்சளித்தது வேண்டா. ஒரே செடியை மொட்டையாக்காமல் மூன்றில் ஒரு பங்கு இலையை விட்டு வைக்க. நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துக. வெயிலில் காய்ந்தால் நிறமும் குணமும் கெடும். கையால் நொறுங்கும் பதம் வந்ததும் மூடியுள்ள தகரப் பெட்டியில் சேமிக்கலாம். நன்கு உலர்ந்த இலை தேயிலையை ஒத்த மணம் தரும்.

இம்மணமும் ஓர் அடையாளமே. சந்தையில் விற்கும் உலர்ந்த ஆடாதோடையில் பெருமரத்து இலையைக் கலப்பது நெடுநாளைய வழக்கம். பெருமரத்தில் ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இருக்கும். விளிம்பில் பல் போன்ற வெட்டு இருக்கும். அடி ஒருபுறம் கோணியிருக்கும். முழு இலையாயின் எவரும் கண்டுபிடிப்பர். நொறுக்கி மூட்டை கட்டிவிட்டால் கண்டுபிடிப்பது அரிது. தன் வீட்டு வேலியில் பறித்தவனுக்கு இக்கவலை இல்லை. கேரளத்தில் சிற்றாடாதோடை என்ற வேறோர் இனத்தை மருத்துவர் விரும்புவர். அது இலையும் பூவும் சிறியது. அதுவும் உறவே, கலப்படமன்று.

இனி மருந்தைப் பற்றி. யான் மருத்துவன் அல்லேன். ஆதலின் அளவு, வேளை, அனுபானம் சொல்லேன். அவற்றைச் சொல்ல இந்நகரிலேயே திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1983இல் தொடங்கிய ஆயுர்வேதக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உள. தேவஸ்தானத்தின் மருந்து செய்யும் நிலையம் சந்திரகிரியை அடுத்த நரசிங்கபுரத்தில் இயங்குகின்றது. சித்த மருத்துவத்தில் ஆடாதோடை மணப்பாகு பெயர் பெற்றது. இலைச்சாற்றைச் சர்க்கரையோடு பாகுபடக் காய்ச்சுவது. 2020இல் பெருந்தொற்று பரவியபோது தமிழ்நாட்டரசு மக்களுக்கு வழங்கிய கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளுள் ஆடாதோடை இலையும் ஒன்று.

இதன் கசப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தவர் டேவிட் ஹூப்பர் என்னும் ஆங்கிலேயர். நீலகிரியில், சிங்கோனாப் பட்டையைச் சோதிக்கும் அரசாங்க வேதியியலாராகப் பணியாற்றியவர் அவர். 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்து, வடமொழிப் பெயரைத் தழுவி வாசிசின் என்று பெயரிட்டார். பின்னாளில் அறிஞர்கள் அதன் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு புரோம்ஹெக்சின் என்ற செயற்கை மருந்தைப் படைத்தனர். 1963இல் அது ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. உடலுக்குள் புரோம்ஹெக்சின் மாறிப் பிறக்கும் பொருள்களுள் ஒன்றே அம்பிராக்சால். இவ்விரண்டும் கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்றத் துணைபுரிவன. இன்று வீடு சென்று உங்கள் அலமாரியிலுள்ள புட்டியின் சீட்டைப் படித்துப் பாருங்கள். இவற்றுள் ஒரு பெயர் இருந்தாலும் இருக்கும். யான் முன்னர் மூதாதை என்றது இதனைத்தான்.

ஆயினும், தாய்மார்களே, இவ்விடத்தில் என் குரலைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கிறது. இலைதானே, என்ன செய்யும் என்ற எண்ணம் ஆகாது. கருவுற்றிருக்கும் பெண்கள் ஆடாதோடையை எவ்வடிவிலும் உட்கொள்ளலாகாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலுடையது. ஜம்முவிலுள்ள வட்டார ஆராய்ச்சி நிலையத்தார் அதனை விரிவாக ஆராய்ந்து 1980இல் வெளியிட்டனர். மாமியாரோ அத்தையோ அன்போடு கஷாயம் வைத்துக் கொடுத்தாலும், "மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கிறேன், அத்தை" என்று மருமகள் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கைக்குழந்தைகளுக்கும் தாமாக ஒன்றும் புகட்டுதல் வேண்டா.

மற்றொன்று இதனினும் பெரிது. எங்கள் பகுதியில் நடுத்தர வயதினர் ஒருவர் இருந்தார். நல்ல உழைப்பாளி. இருமல் வந்தது. பச்சிலை நல்லது என்று பலரும் சொல்ல, மூன்று மாதம் ஆடாதோடைக் கஷாயமே குடித்தார். சளி இளகிற்று, இருமல் சற்றுத் தணிவதும் மீண்டும் எழுவதுமாக இருந்தது. உடல் மெலிந்தது, மாலையில் காய்ச்சல் கண்டது. 'கஷாயத்தில் குணம் தெரிகிறதே' என்று அவர் நாளைக் கடத்தினார். இறுதியில் சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. அதற்குள் அவர் வீட்டுச் சிறுமிக்கும் பரவிவிட்டது. இருவரும் ஆறு மாதம் தவறாது மருந்துண்டு குணமடைந்தனர் என்பது ஆறுதல். செடி அவருக்குத் தீங்கு செய்யவில்லை; ஆனால், நோயை மறைத்து நிற்கும் திரையாயிற்று.

காசநோயின் வரலாற்றில் நம் பகுதிக்குத் தனியிடம் உண்டு. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியின் அருகே, ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் 1915இல் காசநோய் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஃபிரிமோட்-மொல்லர் அதன் தலைமை ஏற்றிருந்தார். தென்னாடெங்கும் இருந்து தமிழ்க் குடும்பத்தினரும் அங்கே நோயாளிகளாக வந்து தங்கினர். நல்ல காற்று, ஓய்வு, உணவு இவற்றைத் தவிர வேறு உறுதியான மருந்து அக்காலத்தில் இல்லை. 1948இல் பி.சி.ஜி. தடுப்பூசிப் பணி மதனப்பள்ளியில் தொடங்கிற்று. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம், நோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் மருத்துவ நிலையத்தில் தங்கியவரைப் போலவே குணமடைவார் என்பதை மெய்ப்பித்து உலகுக்கு வழிகாட்டியது. நம் பாட்டன்மார்க்குக் கிட்டாத மருந்து நமக்குக் கிட்டியிருக்கிறது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், சளியில் இரத்தம் கண்டால், எடை குறைந்தால், ஆடாதோடையை அப்படியே வேலியில் விட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். நோய் இன்னதென்று தெரிந்தபின், கசப்பிலை வேண்டுமா வேண்டாவா என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுமுறை நாளில் தலைக்கோனாவுக்கோ மலைப்படி வழியாகவோ செல்லும் நம் இளைஞர்கள், மூலிகை என்று கேள்விப்பட்டதை வேரோடு பிடுங்கி வருவதைக் கண்டிருக்கிறேன். வேண்டா. அக்காடுகள் 1989இல் ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவாகவும், 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. தேசியப் பூங்காவில் செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம். செம்மரத்தின் பொருட்டு அம்மலை பட்ட பாடு போதாதா? செம்மரம் வளர ஒரு தலைமுறை ஆகும். காட்டிலன்றி எளிதில் கிட்டாது. ஆடாதோடை அப்படியன்று, ஒரு சாண் குச்சியிலிருந்து இரண்டே மாதத்தில் செடியாவது. வீட்டில் வளர்ப்பது இத்துணை எளிதாயிருக்கக் காட்டைக் கையிடுவானேன்?

நம்மில் பலர் மாற்றல் ஆணை வந்தால் பெட்டியைக் கட்டும் குடும்பத்தினர். வீட்டுக்குடையவர் வேறு, குடியிருப்பவர் வேறு. 'நட்டுவிட்டுப் போவானேன்' என்று கேட்பாரும் உளர். இச்செடிக்கு அவ்வருத்தம் இல்லை. செடியை அடுத்து வருபவர்க்கு விட்டுவிட்டு, ஐந்தாறு போத்துகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிப் பையில் வையுங்கள். இரண்டு நாள் ரயில் பயணம் வரை தாங்கும். இன்று என் வீட்டில் நிற்கும் புதர், சித்தூரில் அந்த அவ்வா கொடுத்த கிளையின் வழிவந்ததே.

மண்டபத்தின் வாயிலில், தண்ணீர்ப் பந்தலுக்கு இடப்பக்கம், நான்கு மூங்கில் கூடைகள் வைத்திருக்கிறேன். அவற்றில் வேர்விட்ட ஆடாதோடைக் கன்றுகள் சிறு பைகளில் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. பையைக் கீறி மண் உதிராமல் குழியில் இறக்குக. மாலை வேளையில் நடுக. நட்டவுடன் நீர் ஊற்றுக. கருவுற்றவர்க்கு ஆகாது என்பதையும், இரண்டு வார இருமல் கணக்கையும் ஒவ்வொரு பையிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அச்சீட்டைக் கிழித்தெறியாமல் அடுக்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள். கன்று மிஞ்சினால் அடுத்த வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துக்குக் கொடுங்கள். 'அட்டசரம்' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.